காட்சி ஐம்பத்தொன்றில் ஒரு வசனம்

திரைக்கதைச் சீராய்வு வாரியத்தின் லிப்டுக்கு என்ன கோளாறு என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் மேலே மோட்டாரை முடுக்கும் ரிலே சுவிட்ச் 'டக்' என்று இழுத்து உடனே விட்டுவிடுகிறது. மோட்டாரில் குறையில்லை. ஏதோ ஒரு மாடியில் கதவுப் பூட்டு சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக லிப்ட் மெக்கானிக்காக இருக்கிறவனுக்கு இது இரண்டு ஸ்க்ரூ வேலை.

லிப்டுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் நீலச்சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பொத்தானை அழுத்தியதும் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். மறுபடி அழுத்தினேன். மறுபடி பெருமூச்சு, இந்த முறை தோளும் சேர்ந்து இறங்கியது. உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். அதற்கும் ஒரு பெருமூச்சு. சட்டையில் தொங்கிய அட்டையில் 'லிப்ட் நிலை உணர்த்துநர்' என்று போட்டிருந்தது. 'லிப்ட் இயங்காது' என்று ஒரு பலகையை மாட்டினால் அது சொல்வதாகிவிடுமாம். சொல்வது வாரியத்தின் கொள்கைக்கு விரோதம். ஆகையால் அதைச் செயலால் உணர்த்த ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள். மூன்று வருஷமாக அவர் பெருமூச்சு விடுகிறார். போன வருஷம் பதவி உயர்வுகூட வந்ததாம்.

நான்கு மாடியும் ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் பெரிய எழுத்தில் 'வாய் பேசாது. கை பேசும்' என்று எழுதியிருந்தது. எழுதியிருப்பதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அவள் தலைக்கு மேலே கடகடத்த மின்விசிறியைச் சரி செய்தேன். ஜன்னல் கொக்கியைச் சரி செய்தேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மேஜைக் காலைக்கூடச் சரி செய்தேன். கடைசிச் சாயங்காலம் அவள் என்னைப் பார்த்து, "எங்கிட்ட ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள். மகளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எனக்கு நாக்கு எழவில்லை. கட்டிலின் சக்கரம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் குனிந்து நட்டை முடுக்கினேன். நிமிர்ந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மறுநாள் காலை போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. பசி வந்தது, தூக்கம் வந்தது, வேலைக்குப் போனேன். துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவன் கல்லுளிமங்கன் என்று முடிவு கட்டிக்கொண்டு போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை. வெளியே ஓர் ஆள் இருக்கிறான் என்று உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும். நின்றுபோன ஒரு லிப்டில் ஓர் அம்மா நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டார். நான் பேசிக்கொண்டே வேலை செய்தேன். மழை, விலைவாசி, லிப்டின் வயசு எல்லாம் தீர்ந்துபோய், என்னையறியாமல் கட்டில் சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கதவு திறந்ததும் அவர் வெளியே வராமல் அங்கேயே நின்றார். சினிமா டைரக்டர் என்றார். "இதை எழுதிக் குடுங்க, நான் எடுக்கறேன். ஆனா வாரியத்து முத்திரை இல்லாம யாரும் கேமராவைத் தொட முடியாது" என்றார்.

மகளின் பழைய நோட்டில் எழுதினேன். ஐம்பத்தொரு காட்சி வந்தது. ஐம்பது காட்சியில் கதாநாயகன் எதையாவது ரிப்பேர் செய்துகொண்டிருப்பான். ஐம்பத்தோராவது காட்சியில் மனைவி, ஏதாவது சொல்லுங்களேன் என்பாள். அவன் நட்டை முடுக்குவான். முடுக்கிவிட்டு எழுந்து, நான் சொல்லாததைச் சொல்வான்: "நீ இல்லாம இருக்க எனக்குத் தெரியாது. பயமா இருக்கு." படத்தில் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வசனம்தான். மற்ற ஐம்பது காட்சியையும் அவர்கள் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளட்டும்.

முதல் மேஜையில் இருந்த குமாஸ்தா அம்மா சிவப்புப் பென்சிலோடு வரிவரியாகப் போனார். ஐம்பது காட்சிவரை பென்சில் தாளில் படவே இல்லை. நடுநடுவே, "பேஷ்" என்றுகூடச் சொன்னார். ஐம்பத்தொன்றில் நின்றார்.

"இது என்ன?"

"வசனம்மா."

"வசனம்னு தெரியுது. பயமா இருக்குன்னு சொல்றாரே."

"பயமா இருக்கு. அதான் சொல்றாரு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விதி பதினாலு. எந்தப் பாத்திரமும் தன் மனசுல இருக்கறதை வாயால சொல்லக் கூடாது. செஞ்சுதான் காட்டணும். நீங்க புதுசு, அதனால கோவிச்சுக்கல. இதை வெச்சு நான் மேல அனுப்பினேன்னு வைங்க, என்னை ஆவணக் காப்பறைக்குத் தூக்கிடுவாங்க."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அனுமதிக்கப்பட்ட செயல்களின் அட்டவணை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினேன். லேசான வருத்தம்: டம்ளரை விரலால் சுற்றுதல். நடுத்தர வருத்தம்: மழையைப் பார்த்தல், மழை இல்லாத இடத்தில் குழாயைப் பார்த்தல். கடும் வருத்தம்: பாத்திரம் கைநழுவுதல், எவர்சில்வர் மட்டும். பீங்கான் நழுவினால் அது 'பழைய காதல்'. ஒரே காட்சியில் கணவனும் மனைவியும் டம்ளர் சுற்றக் கூடாது; சுற்றினால் அது தாகம் என்று கொள்ளப்படும். பயம் என்ற தலைப்பில் மூன்று செயல்கள் இருந்தன: சாவிக்கொத்தை உருட்டுதல், எச்சில் விழுங்குதல், பூனை ஓடுதல். பூனை யாருடையது என்று போட்டிருக்கவில்லை.

திரும்பிப் போய், என் கதையில் பூனை இல்லை என்றேன். குமாஸ்தா அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா, இரக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. அட்டவணையில் தேடினேன். கண்ணாடி துடைத்தல்: 'தயக்கம், அல்லது அழுக்கு' என்று இருந்தது.

என்னைச் செயல் அலுவலரிடம் அனுப்பினார்கள். அவர் அறையில் மேஜைமேல் ஒரு டம்ளர், ஒரு சாவிக்கொத்து, பூட்டாத ஒரு பெட்டி இருந்தன. எல்லாம் மாதிரிகளாம். நல்ல மனுஷன். எனக்கு நாற்காலி காட்டினார், காபி சொன்னார். சொன்னார் என்றால், கையால்.

"உங்க கஷ்டம் புரியுது. எல்லாப் புது ஆளுக்கும் சொல்லணும்னுதான் தோணும். சொல்றது சுலபம் பாருங்க. அடக்கறதுலதான் கலை இருக்கு" என்றார். "எங்க வீட்டையே எடுத்துக்கங்க. முப்பது வருஷமா யாரும் எதையும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. அப்படி ஒரு கட்டுப்பாடு. போன வருஷம் என் வீட்டுக்காரி கிளம்பிப் போனா. ஒரு வார்த்தை பேசல. வீட்டுச் சாவியை எடுத்து இந்தா, இப்படி, சத்தமே வராம மேஜை மேல வெச்சுட்டுப் போனா. நான் கடைக்குப் போறான்னு நினைச்சேன். மூணு நாள் கழிச்சுத்தான் எனக்கே விளங்குச்சு. எவ்வளவு சுத்தமான காட்சி பாருங்க. ஒரு வசனம் இல்ல."

"அப்புறம் வந்துட்டாங்களா சார்?"

அவர் டம்ளரை விரலால் சுற்றினார். லேசான வருத்தம். பிறகு நான் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துக்கொண்டோ என்னவோ, சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

வசனத்தை எடுத்துவிட்டு நட்டு முடுக்குவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. ஆனால் நட்டு முடுக்குதல் அட்டவணையில் இல்லை. புதுச் செயலாக இருந்தால் புரிதல் பரிசோதனைக்குப் போக வேண்டும். நான் தலையாட்டினேன். அந்தக் கட்டிடத்துக்குள் போனாலே தலையாட்ட வந்துவிடுகிறது.

பரிசோதனை மறு வாரம் நடந்தது. ஒரு நீளமான ஹால். ஒரு பக்கம் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் வாரியத்தின் சராசரிப் பார்வையாளர்கள். பதினோரு வருஷமாக நிரந்தர வேலை. சராசரி குறைந்துவிடாமல் இருக்க வருஷத்துக்கு இரண்டு தடவை பயிற்சி உண்டு. இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று போட்டிருந்தார்கள். வாரியத்து அம்மா ஒருவர் அதில் படுத்து, "ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். வாரியத்து ஆள் ஒருவர் குனிந்து சக்கரத்து நட்டை முடுக்கினார். ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஐந்து பேரும் அவர் மனசில் என்ன உணர்ச்சி என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். செயல் அலுவலர் உரக்கப் படித்தார்.

"முதல் தாள்: கட்டில் ரிப்பேர். ரெண்டாவது: அந்தம்மா மேல கோபம். மூணாவது: கட்டிலை எங்கேயோ தள்ளிக்கிட்டுப் போகப்போறாரு. நாலாவது: உணர்ச்சி தெரியலை, ஆனா ஸ்பேனர் நல்ல ஸ்பேனர்."

ஐந்தாவது தாளை அவர் படித்தபோது நான் சுவரில் ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அஞ்சாவது: அந்தம்மா பேசச் சொல்றாங்க. அவருக்கு அவங்ககூடப் பேசப் பிடிக்கலை. தப்பிச்சுக்கத்தான் கீழ குனியறாரு."

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உருட்டி உருட்டி எழுதிய கையெழுத்து. எழுதியவர் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா. மடியில் பையை வைத்துக்கொண்டு எப்போது விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் என்ன தப்பு. பார்த்ததை எழுதியிருக்கிறார். என் மனைவியும் கட்டிலில் படுத்தபடி பார்த்தது அதைத்தான். எட்டு மாதத்தில் எனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. நான் முடுக்கினால் அவளுக்குப் புரியும் என்றே இருந்துவிட்டேன். நாலு மாடியும் இறங்கி, கீழே போய், பெருமூச்சுக்காரருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் எனக்காக ஒன்று விட்டார். பொத்தானை நான் அழுத்தவில்லை.

பரிசோதனையில் தோற்றாலும் இன்னொரு வழி இருக்கிறது என்று செயல் அலுவலர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுச் சொன்னார். 'நடந்த செயல்' விதி. அட்டவணையில் இல்லாத செயல் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்திருந்து, அது இன்ன உணர்ச்சியைத்தான் காட்டியது என்று நேரில் பார்த்த சாட்சி ஒருவர் முழு வாரியத்தின் முன் சொன்னால் போதும்.

"சாட்சி மட்டும் வாயால சொல்லலாமா சார்?"

"சாட்சி பாத்திரம் இல்லையே" என்றார். எல்லாவற்றுக்கும் விதி வைத்திருந்தார்கள்.

சாட்சி என்றால் மகள்தான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்தும் வேலை செய்கிறாள். சாயங்காலம் வருவாள், சமைப்பாள், என் முன்னால் தட்டை வைப்பாள். தட்டு வைக்கும்போது 'டங்'கென்று ஒரு சத்தம் வரும். அம்மா போனதிலிருந்து தினமும் அந்தச் சத்தம்தான். கோபம் என்று எனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். எங்கள் வீட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் வாரியத்தில் வைத்தால், ஒரு திருத்தம் இல்லாமல் முத்திரை குத்திவிடுவார்கள்.

சாட்சிப் படிவத்தை அவளிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"நான் வந்து என்ன சொல்லணும்?"

"அன்னைக்கு நான் சக்கரத்தை முடுக்கினேன்ல. அது எதனாலன்னு சொல்லணும்."

அவள் படிவத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எதனாலப்பா?"

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் வாஷரை மாற்றினேன். திரும்பி வந்தபோது படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். 'வருகிறேன்' என்ற இடத்தில் ஒரு டிக் அடித்திருந்தாள்.

முழு வாரியம் கூடிய அன்று தலைவர் முதலில் பேசினார். சொல்லாமல் இருப்பதன் மேன்மையைப் பற்றி நாற்பத்தைந்து நிமிஷம் பேசினார். "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு நம்ம முன்னோர் சும்மாவா சொன்னாங்க" என்று ஆரம்பித்தார். முன்னோர் அதை வாயால்தானே சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றியது. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சொன்னவர்களும் அதே முன்னோர்தான். என் மனைவி என்னைப் பார்த்து அதைத்தான் சொல்வாள், நீங்க எப்படித்தான் பிழைச்சீங்களோ என்று.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்து பதினாறு வருஷம்" என்றார் தலைவர். "இந்தப் பதினாறு வருஷத்துல நம்ம படத்துல ஒரு பொண்டாட்டிகூட ஒரு புருஷன்கிட்ட, 'உங்களைப் பிடிக்கும்'னு சொன்னது கிடையாது. அப்படிக் காப்பாத்தியிருக்கோம். எத்தனை டம்ளர் சுத்தியிருக்கு, எத்தனை பூனை ஓடியிருக்கு. ஜனங்க தியேட்டருக்கு வரதில்லன்னு சில பேர் குறை சொல்றாங்க. வராம இருக்கறதும் ஒரு செயல்தானே. அதுக்குப் பின்னால ஏதோ ஒரு உணர்ச்சி இருக்கு. அது என்னன்னு கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போட்டிருக்கோம். ஆறு வருஷமா கண்டுபிடிச்சுக்கிட்டிருக்காங்க."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். எத்தனை தட்டினால் எந்த உணர்ச்சி என்று அதற்கும் ஒரு கணக்கு இருந்தது போலிருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி ஆடியது. அடியில் கையை விட்டுப் பார்த்தேன். முன்கால் நட்டு தளர்ந்திருந்தது.

மகளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். செயல் அலுவலர் கேட்டார். "அன்னைக்கு உங்கப்பா சக்கரத்தை முடுக்கினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துல. அம்மா தலைமாட்டுல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்ப அவர் மனசுல இருந்த உணர்ச்சி என்னன்னு சபைக்குச் சொல்லுங்க."

மகள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கைக்குட்டையையும் ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் குறித்துக்கொள்ள இரண்டு பேர் பென்சிலோடு காத்திருந்தார்கள்.

"தெரியலை சார்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும். படம் பாஸாயிடும்."

"எட்டு மாசமா யோசிக்கறேன் சார். தெரியலை. அவருக்கு அம்மா போறது வருத்தமா இருந்துச்சான்னே எனக்குத் தெரியலை. கேட்டா எந்திரிச்சுப் போயிடறாரு."

ஹாலில் யாரும் பேசவில்லை. அங்கே அது வழக்கம்தான். ஆனால் எனக்கு அந்த அமைதி பழகியதாக இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் நிற்பவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் வருகிற அமைதி அது. வேறு யார் மாட்டிக்கொண்டாலும் நான் பேசியிருப்பேன். மழையைப் பற்றியாவது பேசியிருப்பேன்.

"பயமா இருந்துச்சும்மா" என்றேன்.

தலைவர் மணியை அடித்தார். நான் நிறுத்தவில்லை. எழுந்து நிற்கக்கூட இல்லை.

"உங்கம்மா போயிடுவான்னு தெரிஞ்சுபோச்சு. வாயைத் திறந்தா அழுதுடுவேன்னு பயம். நான் அழுதா அவ பயந்துடுவாளோன்னு அது வேற பயம். சக்கரம் ஆடுச்சு. அதைத்தான் என்னால சரி பண்ண முடியும்னு குனிஞ்சேன். அவ இல்லாம எனக்கு இருக்கத் தெரியலம்மா. இப்பவும் தெரியலை."

"பதிவேட்டுல இருந்து எடுங்க, எடுங்க" என்றார் தலைவர். பதிவேடு எழுதிக்கொண்டிருந்த செயலாளர் நான் சொன்னதைக் கோடு போட்டு அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், 'மனுதாரர் சிறிது நேரம் சத்தம் எழுப்பினார்' என்று எழுதியதை நான் பிறகு பார்த்தேன்.

அப்போதுதான் உறுப்பினர் ஒருவர் எழுந்து என் நாற்காலிக்கு அடியில் விரலை நீட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் கை அந்த நட்டை முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க. இதைத்தானே பதினாறு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். வாய் என்னமோ உளறுது, கை எவ்வளவு அழகா வேலை செய்யுது. கட்டிலை விட நாற்காலி நல்லா இருக்கு. நாற்காலியா மாத்திடுங்க. வசனத்தை எடுத்துடுங்க. ஒருமனதா பாஸ்."

எவர்சில்வர் தட்டில் முத்திரையை எடுத்து வந்து குத்தினார்கள். செயல் அலுவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு நிமிஷம் விடாமல் பிடித்திருந்தார். "பயமா இருந்துச்சுன்னு சொன்னீங்களே" என்று ஏதோ ஆரம்பித்தார். தலைவர் இந்தப் பக்கம் திரும்பினார். அலுவலர் கையை விட்டுவிட்டு எச்சில் விழுங்கினார்.

படம் பிறகு வந்தது. டைரக்டரம்மா வாரியத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அனுமதித்தபடியே எடுத்தார். ஐம்பத்தோராவது காட்சியில் ஒருவர் நாற்காலிக்கு அடியில் கையை விட்டு நட்டை முடுக்குகிறார். முடுக்கிவிட்டு எழுகிறார். படம் முடிந்துவிடுகிறது. எனக்குப் பின்வரிசையில் இருந்தவர் பக்கத்து ஆளிடம், "தச்சர் போல" என்றார்.

அது கிடக்கட்டும். அன்று மகளோடு படியிறங்கியதைச் சொல்ல வேண்டும்.

முதல் திருப்பத்தில் அவள் நின்றாள். "நீங்க குனிஞ்சப்புறம் அம்மா என்னைப் பார்த்து, உங்களுக்குக் கேக்காம, ஒண்ணு சொன்னாங்கப்பா."

"என்ன சொன்னா?"

"'உங்கப்பா எப்பவும் இப்படித்தான்'னாங்க."

"சிரிச்சுக்கிட்டா?"

"இல்ல."

"கோவமா?"

"தெரியலப்பா. சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க. அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும்னு உங்ககிட்ட சொல்லத்தான் ஆசை. ஆனா எனக்குத் தெரியாது."

"வேண்டாம். தெரியாததைச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

மூன்றாவது மாடிக்கு இறங்கினோம். அங்கே நான்தான் ஆரம்பித்தேன். "எம்மேல உனக்குக் கோவம். தெரியும்."

"நான் சொல்லவே இல்லையே. எப்படித் தெரியும்?"

"தட்டு வெக்கற சத்தத்துல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது கோவம் இல்லப்பா. நம்ம சாப்பாட்டு மேஜை ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. எப்படி வெச்சாலும் சத்தம் வரும். எட்டு மாசமா நீங்க கவனிக்கவே இல்ல."

"அப்ப கோவம் இல்லையா?"

"கோவம் இருக்கு. நிறைய இருக்கு. அதை நான் எதுலயும் காட்டல."

"சரி, சொல்லு" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிப் படியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தது, நான் வேலைக்குத் திரும்பிப் போன மறுநாள் அவள் அம்மாவின் துணிகளை ஒற்றை ஆளாக மடித்து வைத்தது, யாரிடமும் சொல்லாதது எல்லாம் வந்தது. இரண்டாவது மாடிக்கு வந்தபோது லிப்டின் கதவு என் கண்ணில் பட்டது. ஒரு விரல் அளவு திறந்திருந்தது. பூட்டுத் தகடு கீழே இறங்கியிருந்தது. நான் நினைத்ததேதான், இரண்டு ஸ்க்ரூ. கை தானாகப் பைக்குள் போய் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுவிட்டது. மகள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள்.

கையை வெளியே எடுத்தேன். "நீ சொல்லும்மா" என்றேன்.

"எனக்கும் பயமா இருந்துச்சுப்பா" என்றாள்.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டோம். லிப்ட் ஓடியிருந்தால் நாலு மாடிக்கு இருபத்திரண்டு வினாடி. எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அந்தப் படியில்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதேன் என்று சொல்லிவிடுகிறேன். எப்படி அழுதேன் என்று காட்டப் போவதில்லை.